இவுளி: ஒரு சொல் போன தூரம்

மேற்குப் புறநகர் வரலாற்றுத் தொடர் – 23

ஆடி பிறக்கப் பத்து நாள் இருந்தது. சேக்காட்டுப் பக்கம் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு சின்ன முனீஸ்வரன் கோயிலில் சிமென்ட் குதிரைக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். மழையில் உரிந்த பழைய எனாமலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெடித்த இடத்தில் வெள்ளை சிமென்ட் பூசி, உடம்பு முழுக்க வெள்ளை ஏற்றியாகிவிட்டது. பெயின்டர் சாரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிடரி மயிரின் ஒவ்வொரு சுருளுக்கும் கறுப்புக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். தூக்கிய முன்னங்காலுக்குக் கீழே, புத்தகப் பையைக்கூட இறக்காமல், எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். நான் ஊர்க்கதை எழுதுகிறவன் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.

“தாத்தா, இவுளின்னா குதிரைதானே?”

“ஆமாம்மா. யார் சொன்னாங்க?”

“தமிழ் மிஸ். அப்புறம் ஏன் யாருமே இவுளின்னு சொல்ல மாட்டேன்றாங்க?”

பெயின்டர் மேலிருந்து குனிந்தார். “இன்னா பேரு பாப்பா அது? முப்பது வருசமா குதிரைக்கு கலர் அடிக்கிறேன், இந்தப் பேரைக் காதுல கேட்டதே இல்ல.”

இந்த வாரம் எழுத வைத்திருந்தது வேறு. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை போட்ட இருப்புப்பாதை நம் ஊர்களை எப்படி மாற்றியது என்று குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். ரயில் இரண்டு வாரம் காத்திருக்கட்டும். அந்தப் பெண் கேட்டதற்கு அங்கே நின்றபடி ஒரு வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. வீட்டுக்கு வந்து அகராதிகளை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததன் பலன்தான் இந்த அத்தியாயம்.

தமிழில் குதிரைக்குப் பெயர்ப் பஞ்சம் கிடையாது. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்று எந்த நிகண்டைப் பிரித்தாலும் பெயர்கள் வரிசை கட்டி நிற்கும். பரி, புரவி, இவுளி, மா, பாய்மா, கலிமா. வடமொழி வழியே வந்த வாசி, துரகம், அயம், அச்சுவம். கிள்ளை என்றால் கிளி, கந்துகம் என்றால் பந்து; இரண்டும் குதிரைக்கும் பெயர். அரசர்களின் குதிரைகளுக்குத் தனிப் பெயர்கள்: சேரனுடையது பாடலம், சோழனுடையது கோரம், பாண்டியனுடையது கனவட்டம். மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்குக் காரி என்றே பெயர், வல்வில் ஓரியின் குதிரைக்கு ஓரி. ஏறியவனுக்கும் ஏறப்பட்டதற்கும் ஒரே பெயர் வைத்துச் சிறுபாணாற்றுப்படையில் நத்தத்தனார் அந்த இருவரின் சண்டையைச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது தொல்காப்பியத்தின் மரபியலில் கிடக்கும் ஒரு செய்தி. எந்த விலங்கின் ஆணை, பெண்ணை, குட்டியை எப்படி அழைக்க வேண்டும் என்று வரையறுக்கும் பகுதி அது. அதில் பெண்குதிரைக்குப் பெட்டை என்று பெயர். ஆண்குதிரையைச் சேவல் என்று சொல்வதும் வழக்கில் உண்டு என்கிறது. நம் கொல்லையில் மேயும் கோழிக்குரிய இரண்டு சொற்களும் அரசன் ஏறும் விலங்குக்குப் போயிருக்கின்றன. என் எண்ணம் இது: யானைக்குக் களிறு, பிடி என்று சொந்தமாக இரண்டு சொல் இருந்தன, ஏனென்றால் யானை நம் காட்டில் பிறந்தது. குதிரை வெளியிலிருந்து வந்தது. வந்த விருந்தாளிக்கு வீட்டில் இருந்த பாயையே விரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தப் பெயர்களில் பெரும்பாலானவை பேச்சில் செத்துவிட்டன. ஆனால் ஒவ்வொன்றும் சாகுமுன் எங்காவது ஓரிடத்தில் ஒதுங்கியிருக்கிறது. அந்த இடங்களைத் தேடுவதுதான் இந்த வாரத்து வேலை.

பரி என்ற சொல் எளிது. பரிதல் என்றால் விரைந்து ஓடுதல், ஓடுவது பரி. அது ஒதுங்கிய இடம் மதுரை. ஆவணி மூலத் திருவிழாவில் நரியைப் பரியாக்கிய லீலையை இன்றும் நடத்துகிறார்கள். குதிரை வாங்கிவரச் சொல்லிப் பாண்டியன் கொடுத்த பொன்னைத் திருவாதவூரர் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்துவிட, ஈசன் நரிகளைக் குதிரைகளாக்கி ஓட்டிவந்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். பக்தியைத் தாண்டி அந்தக் கதைக்குள் ஒரு பொருளாதாரச் செய்தியும் இருக்கிறது. குதிரை வேண்டுமென்றால் பாண்டியன் தன் நாட்டுக்குள் தேடவில்லை. கருவூலத்தைத் திறந்து, அமைச்சரிடம் பொன்னைக் கொடுத்து, கடற்கரைக்கு அனுப்புகிறான். கேட்டுக்கொண்டிருந்த யாருக்கும் அது விந்தையாகப் படவில்லை. குதிரை என்றால் கப்பலில் வருவது. நம் தொண்டை மண்டலத்திலும் பரிக்கு ஓர் ஒதுக்கிடம் உண்டு: பொங்கலை ஒட்டிச் சாமி வேட்டைக்குப் புறப்படும் பரிவேட்டை. வாயில் அது பாரிவேட்டை ஆகிவிட்டது. பரியேறிப் போகும் வேட்டை என்றே பெரியவர்கள் பொருள் சொல்வார்கள்.

மா என்ற சொல் பொதுவாக விலங்கு. குதிரைக்கும் யானைக்கும் சிறப்பாக வழங்கியது. அது ஒதுங்கிய இடம் வைணவம். திருமங்கையாழ்வாரின் குதிரைக்கு ஆடல்மா என்று பெயர். அந்த ஆழ்வார் பாடிய திருநின்றவூர், நம் பட்டாபிராமிலிருந்து மின்சார ரயிலில் இரண்டு நிறுத்தம் தள்ளி இருக்கிறது. ஆழ்வார் இந்த ஊரைப் பாடாமல் கடந்து போய்விட்டார், தாயார் பெருமாளை அனுப்பிப் பாட்டு வாங்கிவரச் சொன்னார் என்பது தலபுராணம். பிரம்மோற்சவத்தின் எட்டாம் நாள் மாலை பெருமாள் கோயில்களில் குதிரை வாகனம் புறப்படும்போது, மரத்தில் செய்த அந்தப் பாய்ச்சலைப் பார்த்துக் கைகூப்பும் யாருக்கும் ஆடல்மாவின் நினைவு கொஞ்சம் வரத்தான் செய்யும். இந்தப் பகுதிப் பழங்கதைகளில் யானைதான் முன்னால் நிற்கிறது. திருமுல்லைவாயிலில் தொண்டைமானின் யானை காலில் முல்லைக்கொடி சுற்றியதைப் பற்றி ஒன்பதாம் அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். ஆனால் குதிரை வராமல் இல்லை.

புரவியின் கதி இன்னும் நல்ல கதி. சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரைப் பக்கம் யாரைக் கேட்டாலும் புரவி என்றால் தெரியும். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமே இல்லை. அங்கே ஐயனாருக்குப் புரவி எடுப்பு நடக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். கொடுத்துவிட்டால் திருவிழா உறுதி. வேளார் கண்மாய்க் களிமண்ணை மணலும் உமியும் சேர்த்துக் காலால் மிதித்துப் பதப்படுத்துகிறார். நான்கு கால்களும் முதலில், நான்கு குழாய்களாக. அவை தாங்கும் அளவுக்குக் காய்ந்த பிறகுதான் வயிறு. மண்ணைத் திரித்துச் சுற்றிச் சுற்றி ஏற்றிக்கொண்டே போவார், உள்ளே வெற்றிடம். அவசரப்பட்டால் கால் விலகிவிடும். கழுத்து, தலை, காது, கடைசியில் சேணம், சதங்கை மாலை, கடிவாளம் எல்லாம் மண்ணிலேயே. வைக்கோலும் விறகும் போட்டுச் சுட்டு, வெள்ளையடித்து, வர்ணம் எழுதிப் புரவிப் பொட்டலில் வரிசையாக நிறுத்துவார்கள். கண்ணைத் திறக்கும்வரை அது மண். திறந்த பிறகு புரவி. ஊரே தோளில் தூக்கிக்கொண்டு ஐயனார் கோயிலுக்குப் போகும். சிங்கம்புணரியில் ஒருமுறை அந்தக் கூட்டத்தில் நடந்திருக்கிறேன். தூக்கி வந்த ஓர் இளைஞனின் தோள் சுண்ணாம்பும் வியர்வையும் கலந்து வெந்துபோயிருந்தது. இறக்கி வைக்கும்வரை அவன் தோள் மாற்றிக்கொள்ளவில்லை. மனிதன் மேல் புரவி ஏறிப்போகும் காட்சி அது.

மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவதைப் பற்றிய பழமொழியை எடுத்துக்கொண்டு, அது குதிரை அல்ல, ஆற்றின் நடுவே மணல் திட்டாகிய ‘குதிர்’ என்று இப்போது பலர் திருத்திச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஊருக்கு ஊர் மண்ணில் குதிரை செய்து வைத்திருக்கும் நாட்டில், அந்தப் பழமொழியின் பொருள் கண்ணெதிரே நிற்கிறது. திருத்தம் தேவையில்லை.

இனி, குதிரை நம் கரைக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

பெரும்பாணாற்றுப்படை நம் தொண்டை நாட்டு நூல். கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மேல் பாடியது. அதில் நீர்ப்பெயற்று என்ற துறைமுகம் வருகிறது. அங்கே வந்து நிற்கும் கப்பல்களில் வடநாட்டுப் பொருள்களோடு வெள்ளைப் பிடரி மயிர் கொண்ட புரவிகளும் இறங்குகின்றன. உளை என்பது அந்தப் பிடரி மயிருக்குப் பழைய பெயர். அன்று சாரத்தில் உட்கார்ந்து பெயின்டர் கறுப்புக் கோடு இழுத்துக்கொண்டிருந்தாரே, அதுதான் உளை. அதே புலவர் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்மேல் வந்த குதிரைகளைச் சொல்கிறார்.

ஆயிரம் ஆண்டு கழித்தும் இதில் மாற்றமில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச்செட்டிகள் வருகிறார்கள். குதிரை விற்பதே ஒரு வணிகக் குழுவுக்குப் பெயராகிவிட்டது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பார்த்த மார்க்கோ போலோ, கீஷ், ஹோர்முஸ், ஏடன் துறைகளிலிருந்து இங்கே குதிரைகள் வந்து குவிவதை வியந்து எழுதியிருக்கிறார். வியப்போடு ஒரு வருத்தமும் அதில் உண்டு: வாங்கிய குதிரைகளில் ஆண்டு முடிவில் மிகச் சிலவே மிஞ்சுகின்றன, ஏனென்றால் இங்கே குதிரை வைத்தியம் தெரிந்தவர் இல்லை, வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் கலந்து போடுகிறார்கள் என்கிறார். பாரசீக வரலாற்று ஆசிரியர் வஸ்ஸாஃப், மாபார் என்று அவர்கள் சொன்ன நம் கரைக்கும் கம்பாயத்துக்கும் சுற்றுத் துறைகளுக்கும் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் போயின என்று எழுதினார். எண்ணைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொண்டாலும், செத்த குதிரைக்குப் பதில் புதுக் குதிரை என்று பொன் கடலேறிப் போய்க்கொண்டே இருந்தது புரிகிறது. குதிரை வந்த வழியே சொல்லும் வந்தது. ராஜபுத்ர என்ற வடசொல் பிராகிருதத்தில் தேய்ந்து ராவுத்தர் ஆனது. குதிரை வீரர் என்ற பொருளில் தமிழில் ஊன்றியது. அருணகிரிநாதர் மயிலேறும் முருகனையே ராவுத்தன் என்று கொண்டாடினார். இன்று அது ஒரு முஸ்லிம் சமூகத்தின் பெருமைமிக்க பெயர்.

கம்பெனி வந்தபிறகும் கடல்வழி தீரவில்லை. 1824-ல் ஓசூர் மத்திகிரியில் படைக்கான குதிரைப் பண்ணை தொடங்கினார்கள். அது போதாமல் ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்தார்கள். 1834-ல் ஜே. பி. ஈஸ்ட் என்பவர் வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது. சென்னைக் கடற்கரையில் ஆஸ்திரேலியக் குதிரைகள் இறங்கும் காட்சி. அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்க, அலைக்குள் கட்டுமரங்களும் மசூலாப் படகுகளும். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நீர்ப்பெயற்று எனக்கு நினைவுக்கு வரும். ஈராயிரம் ஆண்டு இடைவெளி, அதே கரை, அதே உப்பு நீர்.

குதிரை என்ற சொல்தான் இத்தனை பெயர்களையும் மிஞ்சி நின்றது. குதிப்பதால் குதிரை என்பது நம் வீட்டு விளக்கம். கன்னடத்தில் குதுரெ, மலையாளத்தில் குதிர. தெலுங்கில் குர்ரம். திருவள்ளூர் தாண்டினால் ஆந்திரம் என்பதால் நம் பக்கத்தில் தெலுங்கு பேசாத தெருவே இல்லை. “குதிரைக்குக் குர்ரம்னா ஆனைக்கு அர்ரம்” என்று அரைகுறைத் தெலுங்கைக் கேலி செய்யும் பழமொழியை என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். குதிரை பழைய சொல்தான், புதிதாக வந்து மற்றவற்றை விரட்டியதல்ல. தொல்காப்பியத்தில் இருக்கிறது. புறநானூற்றில் குதிரைமலை இருக்கிறது. ஏறிச் செலுத்த முடியாத குதிரை என்று பெருஞ்சித்திரனார் அந்த மலையைப் புதிர் போடுவது போலச் சொல்லியிருப்பார்.

அது நிலைத்ததற்கு எனக்குத் தெரியும் காரணம், அது விலங்கோடு நின்றுவிடவில்லை என்பதே. வீணையில் நரம்பைத் தாங்கும் சிறு பலகை குதிரை. துப்பாக்கியில் விரல் இழுப்பது குதிரை. குனிந்தவன் முதுகைத் தாண்டும் பிள்ளைகள் விளையாட்டு பச்சைக்குதிரை. தானியத்தில் குதிரைவாலி, தீவனத்தில் குதிரைமசால். சொன்ன வேலையைச் செய்யாத பிள்ளை சண்டிக்குதிரை. தாங்குவது, தாவுவது, முரண்டுபிடிப்பது என்று ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு பொருள் கிடைத்துவிட்டது. நேரில் குதிரையைப் பார்த்தே இராதவர் வாயிலும் நாளைக்கு ஒருமுறையாவது அந்தச் சொல் வந்துவிடுகிறது.

நம் ஆவடிக்கு இதில் தனிப் பங்கு உண்டு. ஆற்காட்டு நவாபின் குதிரைப்படையிலிருந்து கம்பெனி எடுத்துக்கொண்ட பட்டாளம் ஒன்று, இன்று 16 லைட் கேவல்ரி என்ற பெயரில் இந்தியத் தரைப்படையில் இருக்கிறது. குதிரைப்படை என்ற பெயர் மட்டும் மாறவில்லை, ஏறுவது டாங்கியில். 1965 போரில் சியால்கோட் பகுதியின் ஃபில்லோராவில் அவர்கள் செஞ்சுரியன் டாங்கிகளில் நின்று போரிட்டார்கள். பூனா ஹார்ஸ், டெக்கான் ஹார்ஸ், ஹாட்சன்ஸ் ஹார்ஸ் என்று குதிரையைப் பெயரிலேயே வைத்திருக்கும் பட்டாளங்களும் டாங்கிப் பட்டாளங்களே. உண்மையான குதிரையில் ஏறுகிறவர்கள் என்று ஜெய்ப்பூரின் 61-ஆம் கேவல்ரி மிஞ்சியிருக்கிறது. அந்தக் குதிரைப்படைகளுக்கான டாங்கிகளைச் செய்வது நம் ஆவடி. 1965-ல் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா வெளியே வந்தது. பிறகு அஜேயா, பீஷ்மா, அர்ஜுன். அர்ஜுனின் எஞ்சின் 1,400 குதிரைத்திறன். ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டை ஓர் அடி தூக்கும் வலுவை ஒரு குதிரையின் வலு என்று ஜேம்ஸ் வாட் கணக்கு வைத்ததிலிருந்து வந்த அளவு அது. தமிழ்ப் பாடநூல்களில் இதற்குப் பரித்திறன் என்றும் ஒரு சொல் உண்டு. பரிக்கு அது இன்னொரு ஒதுக்கிடம். ஆனால் சேக்காட்டில் கிணற்று மோட்டார் வாங்கப் போகிறவர், “மூணு ஹெச்.பி. போதுமாண்ணே?” என்றுதான் கேட்பார். அந்த ஹெச்சுக்குள் ஒரு குதிரை இருப்பது கேட்பவருக்கும் விற்பவருக்கும் நினைவில் இல்லை.

இப்போது இவுளிக்கு வருவோம்.

சங்கப் பாடல்களில் இவுளி பல இடங்களில் ஓடுகிறது. எனக்கு முக்கியமானது புறநானூற்றின் 197-ஆம் பாட்டு. கோனாட்டு எறிச்சிலூர் மாடலன் மதுரைக் குமரனார், குராப்பள்ளித் துஞ்சிய சோழன் பெருந்திருமாவளவனிடம் பரிசு பெறத் தாமதமானபோது பாடியது. காற்று நடப்பது போலப் பாயும் இவுளிகள், கொடி பறக்கும் தேர், கடல் போலப் படை, மலை போன்ற யானை எல்லாம் உடைய பேரரசரைக் கண்டு நாங்கள் வியப்பதில்லை. சின்னஞ்சிறு ஊரின் தலைவனாக இருந்தாலும், முஞ்ஞைக் கீரையையும் வரகுச் சோற்றையுமே உண்பவனாக இருந்தாலும், எங்கள் பண்பறிந்து நடப்பவனைத்தான் வியப்போம் என்கிறார். அரசன் முகத்துக்கு நேரே சொன்ன சொல். தமிழில் இவுளி என்ற சொல்லை நான் முதலில் பார்த்த இடம் அதுதான், பதினாறு வயதில். குதிரையைவிட அந்தக் கீரைச்சோறுதான் அன்று மனத்தில் நின்றது.

காப்பியங்களிலும் இவுளி தொடர்ந்து வருகிறது. பிறகு நிகண்டுக்குள் போய்ப் படுத்துவிட்டது. பரிக்குக் கிடைத்தது போல ஒரு லீலையும் அதற்குக் கிடைக்கவில்லை, புரவிக்குக் கிடைத்தது போல ஒரு திருவிழாவும் கிடைக்கவில்லை. ஒரு கீரைக்கு, ஒரு விளையாட்டுக்கு, ஓர் ஊருக்குக்கூடப் பெயராக ஒட்டிக்கொள்ளவில்லை. இவர்தல் என்றால் ஏறுதல், பாய்தல். இவுளியை அதோடு சேர்த்துப் பார்க்க மனம் விழைகிறது. ரகரம் எப்படி ளகரமானது என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று அதைத் தள்ளி வைக்கிறேன்.

ஆனால் இவுளிக்கும் ஓர் ஒதுக்கிடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இல்லை, இந்தியாவில் இல்லை. பாகிஸ்தானின் பலூசிஸ்தானத்தில், கலாத் மலைப் பகுதியில்.

அங்கே பிராகூயி மக்கள் ஆடு மேய்த்தும் நிலம் உழுதும் வாழ்கிறார்கள். அவர்கள் முஸ்லிம்கள், நாலாபுறமும் பலூச்சியும் பஷ்தோவும் சிந்தியும். அவர்களது பேச்சில் பாதிக்கு மேல் அயல்மொழிச் சொற்கள். எண்களில் அசித், இரத், முசித் என்று மூன்று வரை தங்களுடையது, நான்கிலிருந்து பாரசீகம். ஆனால் இந்த மொழிக்குள் திராவிடக் கூறு இருப்பதைக் கால்டுவெல் 1856-லேயே தம் ஒப்பிலக்கணத்தில் எடுத்துப் பேசினார். டெனிஸ் பிரே என்ற ஆங்கில அதிகாரி பலூசிஸ்தானத்தில் வேலை பார்த்தபடியே அந்த மொழியைக் கற்று, 1909-ல் இலக்கணமும் 1934-ல் சொல்லகராதியும் வெளியிட்டார். அந்தச் சொற்களைப் படிப்பது, தொலைந்துபோன பங்காளியின் முகத்தில் நம் தாத்தாவின் மூக்கைப் பார்ப்பது போன்றது. நீ என்றால் நீதான். கல் அங்கே ஃகல், கண் அங்கே ஃகன். நம் பாலும் தேளும் அங்கே பால்ஹ், தெல்ஹ். இந்த இரண்டின் ஈற்றிலும் மூச்சு கலந்த ஒரு லகரம். குதிரை?

குதிரைக்கு ஹுல்லி. சில இடங்களில் உல்லி.

பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியின் 1984-ஆம் ஆண்டுப் பதிப்பில் 500-ஆம் பதிவு இது. எண் மட்டும்தான் பெரிது. பதிவு ஒரு வரிக்கு மேல் இல்லை. தமிழ் இவுளி, பிராகூயி ஹுல்லி, இரண்டுக்கும் பொருள் குதிரை. கன்னடம் இல்லை, தெலுங்கு இல்லை, இடையில் ஒரு மொழியும் இல்லை. கன்னியாகுமரிக்கும் கலாத்துக்கும் நடுவே அத்தனை நிலமும் இந்தச் சொல்லுக்கு வெறும் வெளி. இவுளியின் ளகரம் அங்கே லகரமாக ஒலிக்கிறது. இடையில் இருந்த வகரம் உதிர்ந்திருக்கிறது.

பிராகூயி மக்கள் ஆதியிலிருந்தே அங்கே இருப்பவர்கள் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். நடு இந்தியாவிலிருந்து ஆயிரம் ஆண்டுக்கு முன் நடந்து போனவர்கள் என்று எல்ஃபென்பைன் போன்ற அறிஞர்கள் வாதிட்டார்கள். எது உண்மையானாலும் இவுளியின் நிலை ஒன்றுதான்: நாமும் அவர்களும் பிரியுமுன்பே அந்தச் சொல் வாயில் இருந்திருக்க வேண்டும். பிரிந்தபோது ஆளுக்கு ஒன்றாகக் கையில் எடுத்துக்கொண்டு போயிருக்கிறோம். இரண்டு மொழிச் சான்றை வைத்துக்கொண்டு பெரிய மாளிகை கட்டக் கூடாது என்பதை நான் மறக்கவில்லை. சிந்துவெளி முத்திரைகளில் காளையும் யானையும் காண்டாமிருகமும் புலியும் இருக்கின்றன, குதிரை இல்லை. கலாத் மலைக்குக் கீழே கச்சிச் சமவெளியில், பீராக் என்ற மேட்டில் பிரெஞ்சு அகழாய்வாளர் ஜாரிஜ் தோண்டியபோது, கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த சுட்டமண் குதிரைகளும் குதிரை ஏறிய மனிதர்களும் கிடைத்தார்கள். அந்தச் சின்னக் குதிரைகளைச் செய்தவர்கள் என்ன மொழி பேசினார்கள் என்று மண் சொல்லாது. அதில் என் ஆசைக்கு இடமில்லை. ஆனாலும் படத்தில் அந்த மண்குதிரையைப் பார்த்தபோது சிங்கம்புணரிப் பொட்டலில் நின்ற வெள்ளைப் புரவிகள் கண்முன் வந்தன என்பதை மறைக்க மாட்டேன்.

நாகபுரிக்கு அருகே மகுர்ஜரியில் பெருங்கற்காலக் கல்வட்டங்களைத் தோண்டியபோது, இறந்தவரோடு குதிரையையும் புதைத்திருந்தது தெரிந்தது. அதன் முகத்தில் செப்பு அணி, வாயில் இரும்புக் கடிவாளம். அவ்வளவு மதிப்பாகப் புதைத்தவர்கள் அதற்கு ஒரு பெயரும் வைத்துத்தான் கூப்பிட்டிருப்பார்கள்.

நான்காம் நாள் மறுபடி சேக்காட்டுக்குப் போனேன். குதிரை முடிகிற கட்டத்தில் இருந்தது. சிவப்புச் சேணம், மஞ்சள் சதங்கை, பச்சை அங்கவடி. கண் மட்டும் வெள்ளையாக இருந்தது. ஆடி முதல் வெள்ளி காலையில் பூசாரி முன்னால் திறப்பதாகப் பெயின்டர் சொன்னார். பள்ளி விட்டு அந்தப் பெண் வந்தாள். கேள்வியை மறந்திருப்பாள் என்று நினைத்தேன். மறக்கவில்லை.

“யாருமே சொல்றதில்லைன்னு சொன்னியேம்மா. சொல்றவங்க இருக்காங்க.”

“எங்க தாத்தா?”

“ரொம்ப தூரம். ஒரு மலைநாடு. அங்க ஆடு மேய்க்கிற பையன் குதிரையைப் பார்த்தா ஹுல்லின்னு சொல்வான்.”

“ஹுல்லி” என்றாள். பிறகு “இவுளி” என்றாள். கொஞ்சம் தள்ளி நின்று, இரண்டையும் மாற்றி மாற்றிக் குதிரையின் முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தாள்.

“இந்தாண்ட வா பாப்பா” என்றார் பெயின்டர் மேலிருந்து. “தலைல சொட்டப் போவுது.”

(தொடரும்)